முத்து ஏன் அழுகிறாள்?

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாலர் பாடசாலையில், நாலு வயதுப் பையன் ஒருவனிடம் ஒருநாள் கேட்டேன், "கோவம் எங்கேருந்துடா வருது?" என்று. அவன் யோசிக்கவே இல்லை. சட்டையைத் தூக்கி வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "இங்கேருந்து டீச்சர்."

அவன் தினமும் காலை பத்து மணியளவில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடுவான். மிரட்டிப் பார்த்தேன், தனியே உட்கார வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவன் வயிற்றைக் காட்டிய பிறகுதான் அவனுடைய அம்மாவிடம் கதைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. விடிந்ததும் பெரட்டுக்கு, தோட்டத்தில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஓட வேண்டிய பெண். பையன் எழும்பும்போது அவளுக்கு நேரம் இருக்காது. ஒரு கோப்பை தேத்தண்ணியைக் குடிக்க வைத்து அனுப்பிவிடுவாள். "பசிச்சா கேப்பான்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். அந்த வயதில் பல பிள்ளைகளுக்குத் தன் பசியைப் பசி என்று சொல்லத் தெரியாது நேயர்களே. பசி அவர்களுக்குக் கோபமாகத்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து, முந்தின இரவு சுட்ட ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றி அவன் பையில் வைத்தாள். வந்ததும் வராததுமாக உட்கார்ந்து அதைச் சாப்பிடுவான். கடிப்பது அடியோடு நின்றது என்று சொல்ல எனக்கு ஆசைதான். நிற்கவில்லை. கிழமைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்று குறைந்தது. அது போதும், மற்றப் பிள்ளைகள் அவனோடு சேர்ந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.

சின்னப் பிள்ளையின் உடம்பும் மனசும் லயத்துக் காம்பரா மாதிரி. அடுப்புப் புகை படுக்கைக்கும் வரும். பசி, தூக்கம், மூக்கடைப்பு, அரிப்பு எல்லாம் மனசுக்குள் போய் அழுகையாக வெளியே வரும்.

பல் துலக்குவது, கை கழுவுவது, சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் என்று ஐந்தையும் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் தூக்கத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. மற்றதைச் சுருக்கிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பகல் தூக்கமும் அதற்குள் அடக்கம். ஒரு கணக்குப் போடுங்கள். அம்மா ஐந்தரைக்கு எழுப்புகிறாள். பகலில் ஒரு மணித்தியாலம் தூங்குகிற பிள்ளை என்றால் இரவு எட்டரைக்குள் தூங்கியாக வேண்டும். எட்டரைக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தொலைக்காட்சியில் நாடகம். கட்டுகஸ்தோட்டை, பேராதனை மாதிரி டவுன் பக்கம் என்றால் பிள்ளையின் கையிலேயே ஃபோன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூக்கம் போதாத பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டு சோர்ந்து கிடப்பார். தூக்கம் போதாத சின்னப் பிள்ளை துள்ளும், கத்தும், சாமானை வீசும். "இவனுக்குத் தூக்கமே வரல டீச்சர், ராவெல்லாம் ஆட்டம்" என்பார்கள். அந்த ஆட்டமே தூக்கம் கேட்கிற ஆட்டமாக இருக்கலாம்.

சரி, தேத்தண்ணிக்கு வருகிறேன். இது நம் ஊர்க் கதை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது இதே கண்டி மாவட்டத்தில்தான். அதிலிருந்து நம் உழைப்பிலும் தேயிலை, நம் வயிற்றிலும் தேயிலை. அந்திக்கு அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து குடிக்கும்போது, கடைசி மிடறு மடியில் இருக்கிற பிள்ளைக்கு. அன்பாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் தேயிலையில் கஃபீன் இருக்கிறது. பெரியவர் உடம்பில் அதில் பாதி குறைய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த பிள்ளையை ஒன்பது மணிக்குத் தூங்கு என்று அதட்டி என்ன பயன்? சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் அது குறைக்கும். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து போகும், சிணுங்கும். அந்திக்குப் பிள்ளையின் கோப்பையில் மட்டும் இளஞ்சூடாக மல்லித் தண்ணி ஊற்றுங்கள். அதுவும் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து குடிக்கட்டும். அதற்கு வேண்டியது அந்தச் சேர்க்கைதான்.

இதையெல்லாம் பெரியவர்களிடம் சொல்லலாம். நாலு வயதுக்கு எப்படிச் சொல்வது? அங்கேதான் எங்கள் முத்து வருகிறாள்.

முத்து ஒரு துணிப் பொம்மை. பழைய சேலைத் துண்டு, உள்ளே பஞ்சு, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொத்தான். ஒரு பொத்தான் கொஞ்சம் தளர்ந்து தொங்கும், அதனாலேயே அவள் எப்போதும் அழப் போகிற மாதிரி இருப்பாள். காலையில் வட்டமாக உட்கார வைத்து, முத்துவை மடியில் போட்டுக்கொண்டு, "முத்து இன்னிக்கு அழுறா. ஏன்?" என்பேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

"பசிக்குது அவளுக்கு." "தூங்கல." "அவங்க அண்ணன் அடிச்சிட்டான்." "காதுல வலி." ஒருநாள் ஒரு சின்னவள், வாயே திறக்காத பிள்ளை, மெதுவாகச் சொன்னாள்: "அவங்கம்மா கொழும்புக்கு வேலைக்குப் போய்ட்டா." வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு அவளே எழும்பி வந்து, முத்துவை வாங்கி, முகம் கழுவுகிற மாதிரி முந்தானைத் துண்டால் துடைத்து, தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தாள். அம்மாவைக் கொண்டுவர அவளால் முடியாது. முகம் துடைத்துத் தூங்க வைக்க முடியும். அன்று அவளிடம் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வீட்டிலும் செய்யலாம் நேயர்களே. பொம்மை இல்லையா, ஒரு துவாயை முடிச்சுப் போடுங்கள். "இதுக்குப் பல் வெளக்கி விடு, இதைத் தூங்க வை" என்று சொல்லிப் பாருங்கள். தான் கவனிக்கிற ஒரு பிள்ளை கிடைத்துவிட்டால், தன்னைக் கவனித்துக்கொள்ளவும் அது பழகும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை பெய்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டி மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு பல பிள்ளைகளுக்குத் தகரத்தில் மழை விழுகிற சத்தமே பயமாகிவிட்டது. தூறல் என்றாலும் எழும்பி உட்கார்ந்துகொள்வார்கள். பல நாளாக நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்தவர்களும் உண்டு. அதற்கு அடிக்காதீர்கள், தயவுசெய்து அடிக்காதீர்கள். அது பயத்தின் வேலை.

அந்தப் பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்று சொல்லிப் பலன் கிடைத்ததை நான் பார்க்கவில்லை. பலன் தந்தது ஒழுங்கு. ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, அதற்குப் பிறகு கை கால் கழுவல், பல் துலக்கல், அதே போர்வை, அதே பாட்டு. நேற்று நடந்த வரிசையில் இன்றும் நடந்தால், நாளையும் நடக்கும் என்று பிள்ளையின் உடம்பு நம்பத் தொடங்கும். நலன்புரி நிலையத்தில் தங்கியிருந்த ஒரு தாய், வேறு எதுவும் கையில் இல்லாமல், பல் துலக்குகிற நேரத்தை மட்டும் தவறவிடாமல் பிடித்துக்கொண்டாள். சரியாக ஏழு மணிக்கு, குழாயடியில், மூன்று பிள்ளைகளும் வரிசையாக.

மூச்சுப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடித்தது. உள்ளங்கைகளைச் சேர்த்துக் கோப்பை மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குள் சூடான இலைக்கஞ்சி இருக்கிறதாம். முதலில் மோந்து பார்க்கணும். பிறகு ஊதி ஆற்றணும், சிந்தாமல், மெதுவாக, நீளமாக. ஐந்து தடவை ஊதினால் படபடப்பு இறங்கும். மூச்சு நீளமாக வெளியே போகும்போது இதயத் துடிப்பு தணிகிறது, அதுதான் விஷயம். ஒரு பையன் குடித்து முடித்து, "சீனி காணாது டீச்சர்" என்றான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். விளையாட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஓட விடுங்கள், நாளுக்கு மூன்று மணித்தியாலமாவது கை காலை ஆட்டி ஓடியாடட்டும், சேறு பட்டால் கழுவிக்கொள்ளலாம். காலையில் வயிற்றுக்கு ஏதாவது, அந்திக்கு மல்லித் தண்ணி, எட்டு மணிக்கு மேல் வெளிச்சத்தையும் சத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள். ஹந்தானை மலைப் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது, இன்று இராத்திரி மழை இருக்கும் போல. பிள்ளை எழும்பி உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருமாகக் கஞ்சியை ஊதி ஆற்றுங்கள். நன்றாகத் தூங்கட்டும்.