செம்மணிச் சிலுவை
(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



52 வயதான ஒரு மனிதன் நள்ளிரவில் விருந்திலிருந்து வீடு திரும்புகிறான். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாழ்க்கை கசக்கிறது. முதுமையும் சாவும் கண்முன் நிற்கின்றன. தூக்கம் வராமல் மேஜை இழுப்பறையைக் கிளறுகிறான். ஒரு சிறு பெட்டி அகப்படுகிறது. உள்ளே, மஞ்சளேறிய பஞ்சுக்கிடையில், செம்மணி பதித்த சிலுவை. மனம் முப்பது வருஷம் பின்னே ஓடுகிறது.

ருஷ்ய எழுத்தாளர் இவான் துர்கனேவ் 1872-ல் வெளியிட்ட 'வசந்தகால வெள்ளம்' என்னும் நாவல் இப்படித்தான் தொடங்குகிறது.

1840. ஸானின் என்ற அவனுக்கு 22 வயது. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் மிட்டாய்க் கடைக்குள் நுழைகிறான். அந்த வீட்டுப் பெண் ஜெம்மா. மயங்கிக் கிடந்த அவள் தம்பியை எழுப்ப உதவுகிறான். அவள் வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். குடிபோதையில் ஓர் ராணுவ அதிகாரி அவளை அவமதித்தபோது, நிச்சயித்தவன் நழுவுகிறான். ஸானின் துவந்த யுத்தத்துக்கே போகிறான். அவள் அந்தச் சம்பந்தத்தை முறித்து, கழுத்துச் சிலுவையை அறுத்து இவன் கையில் தருகிறாள்.

கல்யாணத்துக்குப் பணம்? ருஷ்யாவிலுள்ள பண்ணையை விற்கிறேன் என்கிறான். இங்கே சற்று நிற்போம். ஜெம்மாவின் தாய் கேட்கிறாள்: அப்படியானால் குடியானவர்களையும் சேர்த்தா விற்பீர்கள்? 1861 வரை அங்கே பண்ணையடிமை முறை. நிலம் கைமாறினால் அதில் உழைத்தவனும் கைமாறுவான். ஸானினுக்குச் சுருக்கென்கிறது. என் அடிமைகளை ஒருநாளும் விற்கமாட்டேன், அது அக்கிரமம் என்று அதே வீட்டில் பலமுறை பேசியவன் அவன்தானே! நல்ல மனிதனாகப் பார்த்து விற்பேன், அல்லது அவர்களே தங்களை மீட்டுக்கொள்ளட்டும் என்று தடுமாறுகிறான்.

துர்கனேவ் பிரசங்கம் செய்யவில்லை. சில வரிகளில் கடந்துவிடுகிறார். அவர் தாயே கொடுமைக்குப் பேர்போன பண்ணைச் சீமாட்டி. அவருக்குத் தெரியாததா?

பிறகு எல்லாம் கவிழ்கிறது. பண்ணையை வாங்கக்கூடிய பணக்காரி ஒருத்தியிடம் போகிறான். இவனை மயக்கிக் காட்டுகிறேன் என்று கணவனோடு பந்தயம் கட்டியவள் அவள்! விற்கப் போனவன் தானே அடிமையாகிறான். ஜெம்மாவுக்குப் பொய்க் கடிதம் எழுதிவிட்டு அவள் பின்னால் பாரிசுக்குப் போய், கடைசியில் கந்தலாக எறியப்படுகிறான்.

பண்ணைக்காரன் கண்ணீர் நமக்கெதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஏக்கம் பொய்யல்ல, தோழர்களே. நம் வீட்டுக் கிழவிகளும் தகரப் பெட்டியின் அடியில் எதையோ மடித்து வைத்திருக்கிறார்கள். ஸானினுக்காக நமக்கும் நெஞ்சு கனக்கிறது. அப்படிக் கனக்கும்போதே ஒன்றையும் கவனிக்கிறோம்: ஜெம்மாவை நினைத்து உருகுகிறவன், அந்தக் குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று நினைத்து உருகுவதில்லை.

பிராங்பர்ட்டுக்குத் திரும்பிப் போகிறான். கடையின் சுவடே இல்லை. நியூயார்க்கிலிருந்து ஜெம்மாவின் கடிதம் வருகிறது. கணவன், குழந்தைகளோடு வாழ்கிறாள், அவன்மேல் கோபமில்லை. தம்பி கரிபால்டியின் படையில் சேர்ந்து சிசிலியில் மாண்டுவிட்டான். அவளுடைய மகளின் கல்யாணத்துக்கு ஸானின் அதே சிலுவையை முத்துமாலையில் கோத்து அனுப்புகிறான்.

பண்ணைகளையெல்லாம் விற்றுவிட்டு அமெரிக்கா போகப்போகிறான் என்று கேள்வி; நாவல் அங்கே முடிகிறது. மறுபடியும் விற்கிறான். ஆனால் இந்தத் தடவை நிலத்தை மட்டும்தான் விற்க முடியும்.