மூன்று முறைமைகளும் எமது பழைய கணினிகளும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விண்டோஸ் சிறந்ததா, மக் சிறந்ததா, லினக்ஸ் சிறந்ததா என்ற வினாவை எம்முன் வைத்திருக்கிறீர்கள். பல்கலைக்கழக விடுதியிலே இவ்வினாவை எழுப்பினால் விடியும்வரை வாதம் ஓயாது. கட்சி கட்டிக்கொண்டு பேசுவார்கள். மடுல்கெல்லையிலே இதைப் பேசுவதற்கு வேறொரு காரணம் உண்டு. எமது வீடுகளிலுள்ள கணினிகளில் அநேகம் புதிதாய் வாங்கியவை அல்ல. கொழும்பிலோ கண்டியிலோ ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்டதைக் கடைக்காரர் துடைத்து விற்க, பெற்றோர் சீட்டுப் பணத்தைக் கொண்டும் சேமலாப நிதியைக் கொண்டும் வாங்கித் தந்தவை. அப்படிப்பட்ட பொறிகளுக்கு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி ஒரு தவணை முடிந்தது. அன்றுதான் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 க்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது.

கணினியைக் கையாளாத பெரியோர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். காலையிலே பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை நிற்கிறார். இன்னார் இந்த மலைக்கு, இன்னார் மருந்தடிக்க, இன்னார் ஸ்டோருக்கு என்று ஆட்களைப் பிரித்து விடுகிறார். அவர் இல்லாவிட்டால் ஆளும் உண்டு, மலையும் உண்டு, வேலைதான் நடவாது. கணினிக்குள்ளே அந்தக் கணக்கப்பிள்ளையின் வேலையைச் செய்வதே பணிசெயல் முறைமை. எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம், எதற்கு முதலிடம், எது காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. விண்டோஸ், மக், லினக்ஸ் என்பன மூன்று கணக்கப்பிள்ளைமார்.

மக்கைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 1984 இல் அப்பிள் நிறுவனம் அதனை வெளியிட்டது. அழகும் ஒழுங்கும் உடையது. படம் வரைவோரும் இசை அமைப்போரும் அதனை விரும்புவர். ஆனால் அப்பிள் செய்த பொறியில் மாத்திரமே அதனை இயக்க அந்நிறுவனம் அனுமதிக்கிறது. அப்பொறியின் விலையோ எமது வீட்டுக் கணக்கிலே அடங்காது. தூரத்தில் நின்று பார்த்து மகிழலாம், அவ்வளவே.

விண்டோஸ் அப்படியல்ல. 1985 இல் தொடங்கி, 1995 இல் வெளிவந்த பதிப்போடு உலகெங்கும் பரவி, இன்றும் மேசைக் கணினிகளில் மிகப் பெரும்பான்மையானவற்றை அதுவே ஆள்கிறது. எந்த நிறுவனத்தின் பொறியிலும் அது நிற்கும். எந்தக் கடையிலும் அதைத் தெரிந்தவர் இருப்பார். நேர்முகப் பரீட்சையிலே கேட்கப்படுவதும் அதன் வேர்ட், எக்செல் அறிவுதான். இச்சிறப்புகளை மறுத்துப் பேசுவது நியாயமாகாது.

இடர் எங்கே வந்ததெனில், 2021 இல் வந்த விண்டோஸ் 11 பழைய பொறிகளை ஏற்க மறுக்கிறது. 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பும் இருந்தால் மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 எனும் காப்புச் சில்லும், ஏறத்தாழ 2018 க்குப் பின் வந்த செயலியும் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் இக்கட்டளையால் ஒரே நாளில் கிழடாகிவிடுகிறது. மிஷன் பாடசாலையில் படித்த எமக்குப் பழைய துருத்தியில் புதிய திராட்சரசம் வார்க்கும் கதை நினைவுக்கு வருகிறது. இங்கே துருத்தி கிழியவில்லை. இரசம் விற்பவர்தான் அதில் வார்க்கக் கூடாதென்கிறார். விண்டோஸ் 10 பாவிப்போர் 2026 ஒக்டோபர் வரை காப்புத் திருத்தங்களைப் பெறுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆயினும் அது தவணை நீட்டிப்பேயன்றித் தீர்வாகாது.

“திருத்தம் வராவிட்டால் என்ன? கணினி ஓடுகிறதுதானே?” என்று சிலர் கேட்பர். 2017 மே மாதத்தில் வன்னக்ரை எனும் தீய நிரல் ஏறத்தாழ 150 நாடுகளிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகள்கூடத் தத்தளித்தன. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றிக்கொள்ளாத பொறிகளே அகப்பட்டன. திருத்தமே வராத பொறியின் கதி என்ன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரே பயிரை மலை முழுவதும் நட்டால் என்னவாகும் என்பதை இந்த மலைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தேயிலைக்கு முன் நின்றது கோப்பி. 1869 இல் இலங்கையிலே காணப்பட்ட இலைநோய் இரண்டு தசாப்தங்களுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேசவேண்டும். எமது ஊர்களில் விண்டோஸ் இலவசம் என்றொரு எண்ணம் உண்டு. கடைக்காரர் சும்மா போட்டுத் தருகிறார் என்பார்கள். அப்படிப் போட்டுத் தருவதில் அநேகம் கள்ளப் பிரதி. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பாதுகாப்பளிக்கிறது. சட்டத்தை விடுங்கள், பிறர் உழைப்பை விலை கொடாமல் எடுப்பது தகுமா என்று சமய வகுப்பிலே பிள்ளைகளிடம் கேட்கும் நாம், சங்கக் கணினியிலே அதைச் செய்ய முடியுமா?

இனி லினக்ஸ். 1991 இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே லினஸ் டோர்வால்ட்ஸ் எனும் 21 வயது மாணவர் தமது பொழுதுபோக்காக ஒரு கருநிரலை எழுதத் தொடங்கினார். எமது வயதுதான், இதைச் சொல்லும்போது எமக்கு ஒரு பொறாமை வராமலில்லை. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளோடு அது சேர்ந்தது. யாவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வந்தமையால் ஆயிரக்கணக்கானோர் கைகொடுத்தனர். இன்று நமது கையிலுள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசியின் அடியிலே இருப்பதும் அக்கருநிரலே. ஆகவே லினக்சைக் கண்டறியேன் என்பவர்கூட அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

எமக்கு அணித்தே ஒரு செய்தியும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரால், ஹந்தான லினக்ஸ் என்றொரு முறைமையை 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நாட்டு ஆர்வலர்கள் வெளியிட்டனர். சிங்களமும் தமிழும் எழுத ஏற்றவாறு ஃபெடோரா லினக்சிலிருந்து அதனை ஆக்கினர். சென்னையில் சி-டாக் நிறுவனம் பொஸ் லினக்சை ஆக்கியது. கேரளத்துப் பாடசாலைகளோ பல்லாண்டுகளாக லினக்சிலேயே கணினி கற்பிக்கின்றன.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003 இல் லினக்சுக்கு மாற முடிவுசெய்து, 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017 இல் மீண்டும் விண்டோசுக்கே திரும்பத் தீர்மானித்தது. வெளியாருடன் ஆவணங்களைப் பரிமாறுவதிலே தொல்லை என்றும் ஊழியரின் அதிருப்தி என்றும் ஒரு சாரார் கூறினர். அரசியலே காரணமென்று மறுசாரார் கூறினர். எது எப்படியாயினும், வேர்ட் ஆவணத்தை லிப்ரே ஒபிசில் திறக்கும்போது அட்டவணை சற்று இடம்பெயர்வது உண்மை. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். சில கணக்கு மென்பொருள்கள் லினக்சில் ஓடவே மாட்டா. வேலை தேடும் இளைஞன் விண்டோசை அறியாதிருக்க முடியாது.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் இடையே இன்று பெரிய பேதமில்லை. விண்டோஸ் 2000 பதிப்பிலே லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்தது; மக்கிற்கு 2005 அளவில் முத்து நெடுமாறனின் இணைமதி வந்தது; லினக்சின் தமிழைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே வளர்த்தனர். எமது இடர் முறைமையில் இல்லை, பாமினியில் இருக்கிறது. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாய்த் தோன்றும். ஆண்டு மலருக்குக் கட்டுரை தருவோர் யூனிகோட்டில் தந்தால் எந்தக் கணக்கப்பிள்ளையிடமும் அது தமிழாகவே நிற்கும். (இதழாசிரியர் தலையசைப்பதைக் காண்கிறோம்.)

ஆகவே எமது அபிப்பிராயம் இதுதான். வாசிகசாலையிலுள்ள இரண்டு பழைய கணினிகளும் விண்டோஸ் 11 ஐ ஏற்கமாட்டா. அவற்றை இரும்புக்காரருக்குக் கொடுப்பதற்கு முன் லினக்ஸ் மின்ட் 22 ஐ ஏற்றிப் பார்ப்போம். 2 ஜிகாபைட் நினைவகத்திலும் அது ஓடும். 4 இருந்தால் நன்று. 2029 வரை அதற்குத் திருத்தங்கள் உண்டு, விலை யாதுமில்லை. அடுத்த புதுக் கணினி வாங்கும்போது உரிமத்துடன் கூடிய விண்டோசையே வாங்குவோம். பிள்ளைகள் இரண்டையும் பழகட்டும். வீட்டுக் கணினியிலும் பரீட்சிக்க விரும்புவோர் உள்ளிருப்பதை அழிக்க வேண்டியதில்லை. பென் டிரைவிலிருந்தே லினக்சை இயக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம். பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். பதிவதாயின் மட்டும் படங்களையும் பாடக் குறிப்புகளையும் முதலில் வேறோரிடத்தில் பிரதி செய்துகொள்ளுங்கள். 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தால் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் வாசிகசாலையிலே அதைத் தயார் செய்து தருகிறோம்.