வலிப்பு நோயும் நன்மை தரும் பாக்டீரியாவும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



வலிப்பு நோய் உள்ள பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மருந்துகளிலேயே வலிப்பு அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அடங்குவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் நிற்காவிட்டால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறார்கள். இத்தகைய குழந்தையின் பெற்றோர் எதைக் கேள்விப்பட்டாலும் செய்துபார்க்கத் துடிப்பது இயல்பு. "குடலில் நல்ல பாக்டீரியா பெருகினால் வலிப்பு குறையுமாமே டீச்சர்?" என்று நம்மிடமும் கேட்பார்கள்.

அது வீண் கேள்வி அல்ல. குடலும் மூளையும் வேகஸ் நரம்பு வழியாகவும், ரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்கள் வழியாகவும் தொடர்பில் உள்ளன. கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோஜெனிக் உணவுமுறையை 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் வலிப்புக்குப் பரிந்துரைத்தார். மருத்துவர் கண்காணிப்பில் இன்றும் அது குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. 2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒன்றைக் கண்டனர். குடல் பாக்டீரியாவை அகற்றியபோது அந்த உணவின் பலன் போயிற்று. குறிப்பிட்ட இருவகைப் பாக்டீரியாவைச் சேர்த்துக் கொடுத்தபோது பலன் திரும்பியது.

மனிதரிடம்? அதே ஆண்டு வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத 45 பேருக்கு, வழக்கமான மருந்துகளுடன் 4 மாதங்கள் புரோபயாடிக் தரப்பட்டது. ஏறத்தாழ 29 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால், புரோபயாடிக் பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை.

இதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். மாதத் தேர்வில் மதிப்பெண் சரிந்த மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரு டம்ளர் பால் கொடுக்கிறோம். அடுத்த தேர்வில் சிலர் தேறுகிறார்கள். பாலால் தேறினார்களா, பால் இல்லாமலும் தேறியிருப்பார்களா? பால் குடிக்காத இன்னொரு குழுவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. வலிப்பும் சில மாதம் கூடும், சில மாதம் தானே குறையும். எனவே இது நம்பிக்கை தரும் துணைச் சிகிச்சை. உறுதியான சிகிச்சை என்று இன்னும் சொல்வதற்கில்லை.

பெற்றோரிடம் நாம் சொல்ல வேண்டியவை மூன்று.

முதலாவது, மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். புரோபயாடிக் மாத்திரையோடு சேர்ப்பது. அதற்கு மாற்று அல்ல.

இரண்டாவது, தயிர் நல்ல உணவுதான். ஆனால் வீட்டுத் தயிரில் எந்தப் பாக்டீரியா, எவ்வளவு என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும். ஆய்வில் தருவது வகையும் அளவும் குறிக்கப்பட்டது.

மூன்றாவது, கடையில் தாமே வாங்கித் தராமல், சிகிச்சையளிக்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும். நோய் எதிர்ப்புத் திறன் மிகக் குறைந்த குழந்தைகளுக்குப் புரோபயாடிக்கே அரிதாகத் தொற்றை உண்டாக்கும்.

நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதை வலிப்பை எண்ணித்தான் அறிய முடியும். பகலில் குழந்தை நம் கண் முன்னேதான் இருக்கிறது. ஒரு சிறு நோட்டில் தேதி, நேரம், எத்தனை நிமிடம், உடலின் எந்தப் பக்கம் துடித்தது, காலையில் மாத்திரை போட்டதா என்று குறித்து வையுங்கள். சில விநாடி பேச்சற்று வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாக இருக்கலாம், அதையும் எழுதுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது பெற்றோரிடம் அந்த நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, வாயில் துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் கடந்தாலோ, நினைவு திரும்பாமலே மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். தெளிந்ததும், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் அவனை ஒதுக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.