கை போனபின் எழுதப்படும் காகிதங்கள்



விபத்தில் கை கால் இழந்தவர்களின் இழப்பீட்டு உரிமை பற்றிய இந்தக் கருத்தரங்கை வடசென்னைத் தண்டையார்பேட்டையில் கூட்டிய அமைப்பாளர்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன். தெற்கே துறைமுகம், வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும், மேற்கே கொருக்குப்பேட்டை தாண்டி மணலி. கன்டெய்னர் லாரியும் சரக்கு ரயிலும் லேத்தும் பவர் பிரஸ்ஸும் ஓயாத வட்டாரம் இது. பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய பிரிவு அது. நசுங்கியும் அறுந்தும் வந்த கைகளுக்கு வைத்தியம் பார்த்தே நாடறிந்த நிலையமாக வளர்ந்தது. இந்த வட்டாரத்துக் கைகளை மருத்துவம் படித்துவிட்டது. சட்டத்துறை இன்னும் படிக்கவில்லை என்பதே என் வருத்தம். அதைச் சொல்லத்தான் இந்தத் தலைமையுரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 மார்ச்சில் பிறந்தது. அதே ஆண்டு மே முதல் நாளில்தான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியேற்றினார். அந்தப் பழைய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. ஆனால் உறுப்புக்கு இவ்வளவு என்று சதவீதம் போடும் பட்டியல் அங்கேயும் தொடர்கிறது. முழு ஆள்காட்டி விரல் போனால் 14 சதவீதம். கட்டைவிரல் 30. ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60. தோள் மூட்டோடு போனால் 90.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2020 முதல் கணக்கில் கொள்ளும் மாதக் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. வயது 25 என்றால் அதை 216.91ஆல் பெருக்க வேண்டும். 19,52,190 ரூபாய் வருகிறது. நிரந்தரமாக, முழுமையாக உழைப்பை இழந்தவருக்கான தொகை இது. கட்டைவிரலுக்கு இதில் 30 சதவீதம், அதாவது 5,85,657 ரூபாய். கட்டைவிரல் இல்லாத ஒருவர் ஸ்பேனர் பிடிப்பது எப்படி, மூட்டை தூக்குவது எப்படி என்ற கேள்வி இந்தக் கணக்குக்குள் எங்கும் வருவதில்லை.

வந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாஸ் சபாதா வழக்கு அது. ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே அவர் இழந்தது முழு உழைப்புத் திறனை என்று தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் தீர்ப்பளித்தார். நான்கு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கொடுபடவேண்டிய கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கிலும் இதே பார்வைதான்: இடது கை போன ஓட்டுநருக்கும் எழுத்தருக்கும் இழப்பு ஒன்றல்ல. இந்தத் தீர்ப்புகளை நம் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். பட்டறைத் தொழிலாளியின் மனுவில் அவை எத்தனை முறை எடுத்துக்காட்டப்படுகின்றன என்று தேடிப் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் பல வழக்குகள் தீர்ப்பு வரைக்கும் போவதே இல்லை. அவை முதல் வாரத்திலேயே தோற்றுவிடுகின்றன. நான் பார்த்த கோப்பு ஒன்று. பவர் பிரஸ்ஸில் வேலை செய்த பையன். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. வேகம் குறைகிறது என்று பாதுகாப்புத் தடுப்பை எப்போதோ கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். பட்டறைக்காரரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனார். விபத்துப் பதிவேட்டின் நகல், நாம் ஏ.ஆர். காப்பி என்கிறோமே அது, கோப்பில் இருக்கிறது. காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில் எழுதியிருப்பது: வீட்டு இரும்புக் கேட்டில் கை மாட்டியது. அரை மயக்கத்தில் கிடந்த பையனுக்குப் பதிலாக, அழைத்து வந்தவர் சொன்ன வாசகம் அது. அடுத்த பக்கத்தில், சில ஆயிரங்களைப் பெற்றுக்கொண்டு இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒரு வெள்ளைத்தாள். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கை ரேகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்த வெள்ளைத்தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதை யாரும் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்றது 1923 சட்டம். ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யாவிட்டால் முதலாளி முழுத் தொகையும் கட்ட வேண்டும். ஆணையர் வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது. காண்ட்ராக்டர் ஆள் என்று கைகழுவவும் வழியில்லை, வேலையை வாங்கியவரே பொறுப்பு. ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ரயிலேற்றி அனுப்பிவிட்டாலும், தொழிலாளி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப்போடலாம் என்று 1995இல் திருத்தம் வந்தது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்குப் பாதை வேறு. அவர்கள் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. பதிலாக ஆயுள் முழுதும் மாதாமாதம் ஊனப் பலன் கிடைக்கும். அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன், பதிவு செய்திருந்தால். ஹரியானா வாகன உதிரிபாகத் தொழிலைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகளைப் படியுங்கள். விரல் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வந்ததே விபத்துக்குப் பிறகுதான். வடசென்னைக்கும் ஆண்டுதோறும் அப்படி ஓர் அறிக்கை வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள்.

இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சாலையில் வாகனம் மோதிக் கால் போனால், வழக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. செயற்கைக் காலை அவ்வப்போது மாற்றும் செலவு, பராமரிப்புச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத் தரவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே கால் பட்டறைக்குள் போனால், மேலே சொன்ன பெருக்கல் கணக்கும் மருத்துவச் செலவும்தான். செயற்கை உறுப்பு தேய்கிறது, உடைகிறது; 25 வயதுக்காரர் வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். கேட்டுக்கு வெளியே ஒரு நீதி, உள்ளே ஒரு நீதி என்பதை நம் ஆய்வுகள் கேள்வி கேட்க வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இலவச சட்ட உதவிக்குத் தொழிலாளியின் வருமானத்தைப் பார்க்கக் கூடாது என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அப்படியானால் அந்த உதவியைத் தரும் வழக்கறிஞர் நீதிமன்ற வளாகத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. கை அறுவை சிகிச்சை வார்டிலேயே அவருக்கு ஒரு மேசை போட வேண்டும். நோயாளி கண் விழித்ததும் அவர் வாயாலேயே விபத்தைக் கேட்டு, அவர் மொழியிலேயே எழுதி வாங்க வேண்டும். ஒடியா தெரிந்தவர் ஒருவர், இந்தி தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். இதற்கான வரைவுத் தீர்மானத்தை நாளை மாலை அமர்வில் முன்மொழிகிறேன். திருத்தங்களை இன்று இரவுக்குள் எழுதிக் கொடுங்கள்.

முதல் அமர்வில் மூன்று தொழிலாளர்கள் பேசுகிறார்கள். பேராசிரியர்களுக்குப் பதினைந்து நிமிடம் என்று விதி வைத்திருக்கிறோம். இவர்களுக்கு அந்த விதி வேண்டாம் என்று அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.