பார்க்க ஆளில்லாத பாதுகாப்பு வலயம்



போஸ்னியா வானத்தில் போர் விமானம் பறக்கக் கூடாது என்று 1992 அக்டோபர் 9 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை தடை போட்டது. அப்போது அங்கே ஐ.நா. படைக்குத் தளபதி யார்? நம் நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். விமான நிலையங்களில் பார்வையாளர்கள் அமர்ந்தார்கள். மேலே நேட்டோவின் ரேடார் விமானங்கள் சுற்றின. மீறல்களைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். ஆறு மாதம் குறித்ததோடு சரி, தடுக்கவில்லை. இருந்தும் அந்தக் குறிப்பு வீண்போகவில்லை. 1993 மார்ச் 31-இல் மீறுவோரைத் தடுக்கப் பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் வந்தது. 1994 பிப்ரவரி 28-இல் நான்கு போஸ்னிய-செர்பியப் போர் விமானங்கள் வீழ்த்தப்பட்டன. அதற்குப் பிறகும் 1995-இல் சிரெப்ரெனிகா படுகொலை நடந்தது, நான் மறுக்கவில்லை.

ஆனாலும் அங்கே பார்த்துக் குறிக்கவாவது ஆள் இருந்தது. இனி, அதுவும் இல்லாத இலங்கையின் வன்னிக்கு, அங்கே நடந்த போரின் கடைசி மாதங்களுக்கு வாருங்கள். இந்தத் தென்காசிக்குச் சென்னையைவிட முல்லைத்தீவுதான் பக்கம்!

2008 செப்டம்பரில் கொழும்பு அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று அலுவலக வாசலில் மக்கள் கூடி மன்றாடினார்கள். போய்விட்டார்கள். அதன்பிறகு, 2009 ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என்று அரசு தானாகவே 'பாதுகாப்பு வலயம்' அறிவித்தது. நம்பிப் போன சனங்கள் மீது, புதுமாத்தளன் மணலிலும் முள்ளிவாய்க்காலிலும் எறிகணை விழுந்தது. தப்பிக்க முயன்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு எழுதியிருக்கிறது. அதையும் இந்த மேடையில் மறைக்கக் கூடாது. எது எங்கிருந்து வந்து விழுந்தது என்று நின்று எழுத, இரு தரப்பையும் சாராத கண்காணிப்புக் குழு எதுவும் அங்கே இல்லை.

ஐ.நா. அலுவலகம் ரகசியமாகக் கணக்கெடுத்தது. மே 13 வரை 7,721 பேர் சாவு. அந்த எண்ணை அது அன்று வெளியே சொல்லவில்லை. என் நெஞ்சில் ஆறாத கோபம் இதுதான். சொல்லியிருந்தால் எந்தத் தலைநகரமாவது பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். 40,000 வரை இறந்திருக்கலாம் என்று நிபுணர் குழு எழுதியது 2011-இல். ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று சார்லஸ் பெட்ரியின் உள் ஆய்வு சொன்னது 2012-இல்.

அங்கே நடந்தவற்றுக்கான சாட்சியங்களைத் திரட்டிக் காக்க 2021-இல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் தீர்மானம் வந்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2022-லும் அப்படியே. மறுபடி வாக்கெடுப்பு வந்தால் இந்தியா ஆதரித்து நிற்க வேண்டும். அதைக் கேட்டு நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.