மக்கள் சேர்த்த கருவூலம்

ஓர் இனத்தின் வாழ்வை ஆராயப் புகுவோர், அவ்வினத்தாரின் வீட்டு வாயிலுக்குச் செல்ல வேண்டாமா? 1925-ஆம் ஆண்டில், அன்று போலந்து நாட்டிலிருந்த வில்னா நகரில் தோன்றிய 'யீவோ' என்னும் யூத ஆராய்ச்சி நிலையம் அதனையே செய்தது. சிற்றூர்களில் வாழ்ந்த எளிய மக்கள் தொண்டர்களாகிப் பழமொழிகளையும் கதைகளையும் பாடல்களையும் திரட்டி அனுப்பினர். அறிஞர்கள் அவற்றை வகைப்படுத்தி ஆராய்ந்தனர். நிலையம் நடத்திய போட்டிகளுக்கு இளைஞர்கள் எழுதியனுப்பிய தன்வரலாறுகள் 600-க்கும் மேற்பட்டன.

1941-இல் நாஜிப் படை நகரைக் கைப்பற்றியது. அழிக்க வேண்டிய ஏடுகளைப் பிரித்து வைக்கும் வேலையை யூதர்கள் மீதே சுமத்தியது. கவிஞர் சுட்ஸ்கெவர் முதலானோர் அவ்வேடுகளை ஆடைக்குள் மறைத்துக் கடத்திக் காத்தனர். பிடிபட்டால் உயிர் போகும் என்பதை அவர்கள் அறிவர். ஆயினும், அவை தம் மக்கள் தம் கையால் எழுதித் தந்தவை அல்லவா? எழுதியவர் பலர் மாண்டனர், எழுத்து வாழ்கிறது.