சாமுவேலும் தந்தையின் காமிராவும்

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றால் ஆலயம் எழும்பிய வரலாற்றைப் பேசுவது வழக்கம். அதைப் பெரியோர் பலர் செவ்வனே பேசிவிட்டனர். மனவளர்ச்சியிலோ உடல் அசைவிலோ குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்களை மனதில் வைத்து, நாம் இன்று காமிராவைப் பற்றிச் சிறிது பேச விழைகிறோம்.

இத்தகைய பிள்ளையை நாம் படத்தில் காண்பது பெரும்பாலும் நன்கொடை கேட்கும் விளம்பரத்தில்தான். கண் கலங்குகிறது, கையும் பையைத் தேடுகிறது. மறுநாள் அப்பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலையும் தாய்க்கு அந்தப் படத்தால் என்ன துணை? காமிராவை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

1972இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த வில்லோபுரூக் என்னும் அரசு விடுதிக்குள் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜெரால்டோ ரிவேரா காமிராவோடு நுழைந்தார். மனவளர்ச்சி குன்றியவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். உடையின்றி, இருட்டறையில், வெறுந்தரையில் கிடந்த பிள்ளைகளை நாடே கண்டது. அதே ஆண்டில் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975இல் அமெரிக்காவில் ஊனமுற்ற பிள்ளைகள் யாவருக்கும் இலவசப் பொதுக்கல்வி உரிமையாயிற்று. அந்தச் சட்டம் ஒரு படத்தால் வந்ததென்று சொல்ல மாட்டோம், பெற்றோரின் நெடுநாள் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. வில்லோபுரூக் 1987இல் மூடப்பட்டது.

அது பூட்டிய கதவைத் திறந்த காமிரா. இனி நாம் சொல்லப்போவது வீட்டுக்குள்ளிருந்தே எடுத்த படம். நமக்கு இதுவே நெருக்கமானது.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கான்கார்ட் நகரில் டான் ஹபீப் என்பவர் நாளிதழ் ஒன்றின் புகைப்பட ஆசிரியராக இருந்தார். இளைய மகன் சாமுவேலுக்கு மூளை முடக்குவாதம். மகன் நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோது, "இதையெல்லாம் படமெடுத்து வையுங்கள்" என்ற கருத்தில் மருத்துவர் ஒருவர் யோசனை சொன்னாராம். அப்படிப் பிறந்ததே 2007இல் வெளிவந்த 'இன்க்ளூடிங் சாமுவேல்' என்னும் ஆவணப்படம். சாமுவேலையும் சேர்த்துக்கொள்வது என்று பொருள் கொள்ளலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பையன், ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறான். படத்தில் வேறு நான்கு பேரின் அனுபவங்களும் வருகின்றன. எல்லாம் இனிமையாக முடிவதில்லை. ஆசிரியர்கள் தங்கள் தயக்கத்தையும் திணறலையும் வாய்விட்டுச் சொல்லுகிறார்கள். முன்பெல்லாம் இத்தகையோரைத் தாமே அரிதாகவே எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறார் தந்தை. தங்கள் வீட்டுக் கதையைப் பிறர் வாயால் கேட்கும் பெற்றோருக்கு, நாம் தனியாக இல்லை என்று தெரிகிறது. பள்ளிக்குப் போய் எதைக் கேட்பது என்றும் தெரிகிறது. நமது எண்ணத்தில், பத்து அறிவுரைக் கூட்டங்கள் இதைச் செய்யமாட்டா. (நாமும் அத்தகைய கூட்டங்கள் நடத்துகிறவரே!)

பிற்பாடு நடந்தது இன்னும் அழகு. 2024இல் வந்த 'தி ரைட் அஹெட்' என்ற படத்தைச் சாமுவேலும் தந்தையும் சேர்ந்தே இயக்கினர். இளைஞனாகிவிட்ட சாமுவேலின் சக்கர நாற்காலியிலேயே காமிரா பொருத்தியிருந்தார்கள். பேச்சுக் கருவியின் குரலில், தன்னைப் போன்ற பெரியவர்களிடம் அவனே கேள்வி கேட்கிறான். மற்றவர்கள் அவனைப் பார்த்த காலம் போய், அவன் பார்ப்பதை நாம் பார்க்கிறோம்.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இப்பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை தந்துள்ளது. இது தெரியாமல் பிள்ளையை வீட்டோடு வைத்திருப்போர் நம் அன்பியங்களிலும் உண்டு. உறவினர் பேச்சுக்கு அஞ்சித் திருவிழாவுக்குக்கூட அழைத்து வராதவர்களும் உண்டு.

இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. திருவிழாவில் அப்பிள்ளையைப் படமெடுக்கு முன் தாயிடம் கேளுங்கள், புரிந்துகொள்ளும் பிள்ளையானால் பிள்ளையிடமும் கேளுங்கள். வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குச் சாமுவேலின் முதல் படத்தைப் பங்கு மன்றத்தில் திரையிடுகிறோம். ஆங்கிலப் படம்தான், நம் பள்ளி ஆசிரியை ஒருவர் தமிழில் விளக்குவார். மன்றத்துப் படிக்கட்டில் சாய்பலகை போடச் சொல்லியிருக்கிறோம். முன்வரிசை இக்குடும்பங்களுக்கே. பிள்ளை சத்தமிடுமே என்று வீட்டில் விட்டுவர வேண்டாம்.